பின் கரைக்கு வா

போரில் நான் வாயால் கொடுத்த ஓர் உத்தரவை, போர் முடிந்த பிறகு, கொடுக்கவே இல்லை என்று சொன்னேன். விசாரணைக் குழுவின் முன்னால் சத்தியம் செய்துவிட்டு, குரல் நடுங்காமல் சொன்னேன். அதனால் ஒரு மனிதரின் பதவி போயிற்று, பெயரும் போயிற்று. என்னுடையவை இரண்டும் அப்படியே இருந்தன.

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதிய, பனிமலையில் சாம்பார் வைத்த கதையைப் படித்துச் சிரித்ததாகச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அதை எழுதும்போதே இதைத் தள்ளிப்போடுகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை.

நாலு விரற்கடை

மேற்கு எல்லையில் ஒரு பாசனக் கால்வாய். குளிர்காலம். விடிந்தும் விடியாத நேரம். எதிரே இருக்கும் ஆளின் முகம் தெரியாத அளவுக்கு மூடுபனி.

கால்வாயின் இந்தக் கரையில் எங்கள் பிளாட்டூன் ஒன்று இருந்தது, முப்பது பேர். அவர்களுக்குப் பின்னால் திறந்த வெளியாகக் கடுகு வயல். வயல் முடிகிற இடத்தில் உயரமான இன்னொரு மண் கரை. அதைத்தான் பின் கரை என்போம். அதற்கும் பின்னால், பாழடைந்த செங்கல் சூளையில், தொலைபேசிப் பெட்டியோடு நான் உட்கார்ந்திருந்தேன். அப்போது நான் கேப்டன். கம்பெனிப் பொறுப்பு என் கையில்.

முன்னால் இருந்த பிளாட்டூனின் சுபேதார் காய்ச்சலில் மருத்துவமனைக்குப் போயிருந்தார். அதனால் ஹவில்தார் தேவசகாயம் பொறுப்பேற்றிருந்தார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருப்புட்குழிக்காரர். நானும் காஞ்சிபுரம். படையில் ஊர்க்காரன் கிடைப்பது பெரிய விஷயம். நான் அவரை 'தேவா' என்று கூப்பிடுவேன். 'வா, போ' என்பேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

தொலைபேசி மணி அடித்தது.

"சார், கால்வாய்ல தண்ணி எறங்கிக்கினு வருது."

"அதனால என்ன?"

"முந்தாநேத்து ஒரு குச்சி நட்டு வெட்டு போட்டு வெச்சிருந்தேன் சார். நாலு வெரக்கடை எறங்கிக்கிது. மேல எங்கியோ மதகு அடைச்சிருக்கானுங்க. தாண்டி வரப் பாக்கறாங்க. பனி இருக்கசொல்லவே நாங்க பின் கரைக்கு வந்துடறோம் சார். அங்கேர்ந்து அடிச்சா நல்லா அடிக்கலாம்."

அந்தக் கால்வாய் நிறைந்து ஓடுகிறது, வண்டிகள் தாண்ட முடியாது என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்பியவன் நான். அனுப்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. என் கையெழுத்தின் மை அந்தக் காகிதத்தில் அழகாக உலர்ந்திருந்தது.

"தேவா, நீ ஏரி மதகுல நிக்கல. குச்சியெல்லாம் வெச்சு நான் ரிப்போர்ட் எழுத முடியாது. இருக்கிற இடத்துல இரு."

"சரி சார்."

அவருடைய அப்பா ஊரில் நீர்க்கட்டி. ஏரி மதகைத் திறந்து அடைத்து, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பிரித்துவிடுகிற வேலை. சொந்தமாக ஒரு காணி நிலம் இல்லாத குடும்பங்களுக்குத்தான் ஊர் அந்த வேலையைக் கொடுத்திருந்தது. மதகுக்குப் பக்கத்தில் குச்சி நட்டு, வெட்டுக் குறி வைத்து, தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் அவர்கள் விரலால் அளப்பார்கள். தேவசகாயம் நடக்கப் பழகியதே அந்த மதகடியில்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் 'ஏரி மதகு' என்று குத்திச் சொன்னேன்.

அரைமணி கழித்து இரண்டாம் முறை கூப்பிட்டார். "ஏழு வெரக்கடை சார்." நான் அதே பதிலைச் சொன்னேன். மேலிடத்துக்கும் சொல்லவில்லை. சொன்னால் என் அறிக்கை தவறு என்று நானே சொன்னதாகும்.

மூன்றாம் முறை அவர் கூப்பிட்டபோது, அவர் குரலுக்குப் பின்னால் இயந்திரங்களின் உறுமல் எனக்கே கேட்டது. பனி கலைந்துகொண்டிருந்தது.

"எறங்கிட்டாங்க சார். என்ன பண்றது, சொல்லுங்க."

"பின் கரைக்கு வா."

"உத்தரவா சார்?"

"உத்தரவுதான், வா."

அவர் கேட்டது அந்த ஒரு கேள்விதான். நான் சொன்னது அந்த ஒரு பதில். பனி இல்லாத கடுகு வயலில் முப்பது பேர் ஓடி வந்தார்கள். வயல் முழுக்க மஞ்சள் பூ. ஏழு பேர் அந்தப் பூவிலேயே விழுந்தார்கள். தேவசகாயம் தொடையில் குண்டோடு கடைசியாக வந்து சேர்ந்தார். அன்று மாலைக்குள் பின் கரையும் போயிற்று.

கடுகு எண்ணெய் வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது. வடநாட்டு நண்பர்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவேன்.

விசாரணை

அந்தத் தொலைபேசியில் நாங்கள் பேசியதைக் கேட்டவர் ஒருவர்தான். இணைப்புப் பெட்டியில் இருந்த சிப்பாய். அவர் அன்று பிற்பகலே இறந்துவிட்டார்.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள்: "பின்வாங்க நீங்கள் உத்தரவு கொடுத்தீர்களா?"

மடித்த சால்வையைப் போல அந்தப் பொய் என் மடியில் ஏற்கெனவே தயாராக இருந்தது. "இல்லை. அவர்கள் உத்தரவில்லாமல் இடத்தை விட்டு வந்தார்கள்."

தேவசகாயம் ஊன்றுகோலோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கத்தவில்லை. "சார் சொன்னாருங்க" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லவில்லை. பதவியைப் பறித்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் மேஜர் ஆனேன்.

மணல் மேடை

பொய் அதோடு நின்றிருந்தால் ஒரு மனிதரை மட்டும் கெடுத்திருக்கும்.

சில ஆண்டுகள் கழித்து இளம் அதிகாரிகளுக்கான பயிற்சிக் கல்லூரி ஒன்றில் என்னை ஆசிரியராகப் போட்டார்கள். என் பாடம், தோல்விகள். ஜெயித்த சண்டையில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். தோற்ற சண்டையில்தான் யார் எங்கே தவறினார் என்று தெரியும் என்று முதல் வகுப்பில் சொல்வேன். மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

படைக்கல்லூரிகளில் மணல் மேடை என்று ஒன்று உண்டு. பெரிய மேசை அளவுக்கு மணல் பரப்பி, குன்று, சாலை, ஊர் எல்லாம் வைத்து, நடந்த சண்டையை மறுபடி நடத்திப் பார்ப்போம். அந்தக் கால்வாய்ச் சண்டையையும் மணலில் செய்தேன். மரத்தூளில் நீலச் சாயம் கலந்து கால்வாயாகத் தூவினேன். மஞ்சள் தூள் கடுகு வயல். பாடத்தின் தலைப்பு: உத்தரவில்லாப் பின்வாங்கல். ஒரு கீழ்நிலைத் தலைவன் பதறினால் ஒரு கம்பெனியே அழியும் என்பது முடிவு.

ஒரு முறை ஒரு மாணவர் எழுந்து, "முன்னெச்சரிக்கை ஏதாவது வந்ததா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கால்வாயில் அன்று எவ்வளவு தண்ணீர் இருந்தது?" என்றார். நிறைய என்றேன். அவர் அந்த நீலத் தூளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தூளுக்கு ஆழம் ஏது.

புள்ளலூர் வயல்

அதே வகுப்பில் நான் மிகவும் ரசித்துச் சொல்லும் இன்னொரு தோல்வி எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே நடந்தது. காஞ்சிபுரத்துக்கு வடக்கே சில மைலில் புள்ளலூர். இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னால் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஒன்று அங்கே மைசூர்ப் படையிடம் சிக்கி அழிந்தது. அதைவிடப் பெரிய கம்பெனிப் படை காஞ்சிபுரத்திலேயே இருந்தது. பீரங்கிச் சத்தம் கேட்கும் தூரம்தான். உடனே வாருங்கள் என்று முன்னால் இருந்தவர்கள் எழுதியனுப்பியதை அதன் தளபதி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் சேர்த்து வைத்திருந்த தானியத்தை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. கிளம்பினார், ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

"முன்னால் இருப்பவன் சொல்வதைப் பின்னால் இருப்பவன் நம்ப மறுப்பதுதான் தோல்வியின் முதல் படி" என்று இதைச் சொல்லி முடிப்பேன். மாணவர்கள் மேசையைத் தட்டுவார்கள். மறுநாள் அதே மேசையில் நீலத் தூள் தூவி, முன்னால் இருந்தவன்தான் தவறினான் என்று கற்பிப்பேன். இரண்டையும் ஒரே வாயால் சொன்னேன்.

ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் ஒருநாள் புள்ளலூர் போய்ப் பார்த்தேன். வயல்வெளியில் இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை அதிகாரியின் பெயர். கூட விழுந்த சிப்பாய்கள் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அவர்கள் பெயரைத் தேடி இரண்டு தூண்களையும் சுற்றி வந்தேன். கிடைக்கவில்லை. அன்றைக்கும் நான் திருப்புட்குழிக்குப் போகவில்லை. வீட்டுக்குத்தான் வந்தேன்.

முகூர்த்தப் புடவை

மூன்று ஆண்டுகளுக்கு முன், என் பழைய மாணவர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வந்தார். இப்போது பெரிய பதவியில் இருப்பவர். காந்தி ரோட்டில் வீட்டார் புடவை பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் என் வீட்டுக்கு வந்தார். காலைத் தொட்டுக் கும்பிட்டார். காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"சார், மேல ஒரு போஸ்ட்ல இருந்தப்ப என் ஜூனியர் ஒருத்தன் வயர்லெஸ்ல கூப்பிட்டான். இடம் சரியில்ல, பின்னால வந்துடறேன்னான். எனக்கு உங்க கால்வாய்ப் பாடம்தான் ஞாபகம் வந்துச்சு. இருக்கிற இடத்துல இருன்னு சொல்லிட்டேன். நாலு பேர் திரும்பி வரல சார்."

அவர் கோப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"இத்தன வருஷமா யார்கிட்டயும் கேக்கல. நான் செஞ்சது சரிதானே சார்?"

"சரிதான்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. ஆறிய காபியைக் குடித்துவிட்டு, புடவைக் கடையிலிருந்து அழைப்பு வந்ததும் எழுந்து போனார். எந்தப் பொய்யைவிடவும் அந்த ஒரு சொல் என்னை உறங்கவிடாமல் செய்தது. அடுத்த வாரம் திருப்புட்குழிக்குப் பஸ் ஏறினேன்.

ஓடியாந்தான் வூடு

டீக்கடையில் தேவசகாயம் வீடு எது என்று கேட்டேன். கடைக்காரருக்குப் புரியவில்லை. பட்டாளத்தில் இருந்தவர் என்றேன். "ஓ, ஓடியாந்தான் வூடா? சர்ச்சுக்குப் பின்னால போங்க" என்றார். அவர் குரலில் வன்மம் எதுவும் இல்லை. அது வெறும் விலாசமாகியிருந்தது.

கதவைத் திறந்தவர் அவர் மகள் எஸ்தர். வாலாஜாபாத்தில் நர்ஸ். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொன்னேன். கைப்பையைக் கீழே வைத்தார்.

"கேப்டன் சாரா நீங்க? எங்க வூட்டுக்கு இன்னா பேருன்னு கேட்டுக்கினு வந்தீங்களா?"

"கேட்டேன்மா."

"கேஸ் சிலிண்டர் கொண்டாறவன்கூட அப்டிதான் கேட்டுக்கினு வருவான். என் கல்யாணப் பத்திரிகைல ஹவில்தார்னு போடாம அப்பா பேர மொட்டையாத்தான் போட்டோம். அரிசி மில்லுல மூட்ட தூக்கி எங்கள வளத்தாரு. எங்க அம்மா சாவற வரைக்கும் உங்கள ஏசிக்கினே இருந்தாங்க." கைப்பையை மறுபடி எடுத்துக்கொண்டார். "அப்பா ஏரிக்கரைல கீறாரு. போய்ப் பாருங்க. என்ன கூப்பிடாதீங்க."

தேவசகாயம் மதகுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். உடம்பு வற்றியிருந்தது. தண்ணீரில் ஒரு குச்சி நட்டிருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னை மெதுவாகப் பார்த்தார்.

"தண்ணி எவ்வளவு இருக்குதுங்க?" என்றேன். வேறு எப்படித் தொடங்குவதென்று எனக்குத் தெரியவில்லை.

"இன்னைக்குக் கேக்கறீங்களே சார்" என்றார்.

குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். தொலைபேசியில் பழகிய குரல்.

நான் கீழே புல்லில் உட்கார்ந்தேன். "நீங்க என்னை மன்னிக்கணும்" என்றேன்.

"என்னா சார், நீங்கன்றீங்க? டாக்டரு கூட என்ன வா போன்றான். எனக்கு நாள் நெருங்கிடுச்சா?" என்று சிரித்தார். பல் பாதி இல்லை. சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "எனக்கு மன்னிப்பு வேணாம் சார். அந்த ஏழு பேர் வூட்ல என்னா நெனச்சிக்கினு இருப்பாங்க? தேவசகாயம் பயந்து ஓடினான், அவன் பின்னால ஓடி நம்ம புள்ள செத்தான்னு. அவங்களுக்கு எழுதுங்க."

ஏழு பேரின் பெயரையும் ஊரையும் ஒன்றுவிடாமல் சொன்னார். எனக்கு இரண்டு பேர்தான் நினைவில் இருந்தார்கள். என் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன்.

"உங்க பதவியைத் திரும்ப வாங்கித் தரேன்" என்றேன். "அதுவரைக்கும் நான் ஊர்ல சொல்றேன். சர்ச்சுல எல்லார் முன்னாலயும் ஹவில்தார் தேவசகாயம்னு நான் சொல்றேன்."

"கடுதாசி வரட்டும் சார். வந்தப்புறம் சொல்லிக்கலாம்." குச்சியைப் பார்த்தபடியே சொன்னார். "உத்தரவு இல்லாம நான் எப்பவும் ஒரு அடி வெச்சதில்ல."

கடிதங்கள்

நடந்ததை எல்லாம் எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டு, படையின் ஆவண அலுவலகத்துக்கு அனுப்பினேன். தொலைபேசிப் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று பதில் வந்தது. அந்தப் பதிவேடுகள் விதிப்படி எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டன. உத்தரவு கொடுத்தவனே நான்தான் என்று மறுபடி எழுதினேன். பரிசீலனையில் உள்ளது என்றார்கள்.

பயிற்சிக் கல்லூரிக்கும் எழுதினேன். அந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நீக்கிவிட்டதாக மரியாதையாகப் பதில் போட்டிருந்தார்கள். திருத்துவதற்கு அங்கே பாடமே இல்லை. அதைப் படித்துவிட்டுப் போனவர்கள் மட்டும் எங்கெங்கோ இருக்கிறார்கள்.

அவர்களில் எனக்குத் தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். கால்வாயைப் பற்றி, குச்சியைப் பற்றி, 'சரிதான்' என்று நான் சொன்னதைப் பற்றி எல்லாம் சொன்னேன்.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். "இல்லன்னா சொல்லாமலேயே இருந்திருக்கலாம்." அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த நால்வரின் கணக்கில் என் பங்கை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தான் பேசினேன். அது அப்படி எடுத்துக்கொள்ளக்கூடியது இல்லை என்று பேசும்போதே தெரிந்தது.

ஏழு வீடுகளுக்கு எழுதினேன். இரண்டு கடிதங்கள் திரும்பி வந்தன. நாலுக்குப் பதில் இல்லை. ஒரு வீட்டிலிருந்து, இறந்தவரின் தம்பி, எனக்கு எழுதாமல் தேவசகாயத்தைத் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். எஸ்தர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எஸ்தர் என்னை அழைத்தது அதுவே முதல் தடவை.

"ரெண்டு பேரும் ஒண்ணும் பெருசாப் பேசிக்கல சார். சாப்ட்டியாப்பா, மழை உண்டான்னு கேட்டுக்கினாங்க. போன வெச்சிட்டு அப்பா சோறு கேட்டாரு. ரெண்டாந்தபா வாங்கி சாப்ட்டாரு. சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன்."

கல்

போன ஐப்பசி மழையில் ஏரி நிறைந்து கலங்கல் வழிந்த வாரத்தில் தேவசகாயம் இறந்துபோனார். ஆவண அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கவில்லை. அடக்கத்தில் கொடி இல்லை, படைக்காரர்கள் இல்லை. நான் கடைசி வரிசையில் நின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. முன்னால் வரச் சொல்லவும் இல்லை.

நாற்பதாம் நாள் கழிந்து, கல்லறைக்குக் கல் வைக்கும் பேச்சு வந்தபோது எஸ்தர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கல் வெட்டுகிறவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். பெயரை எப்படி வெட்டுவது என்று கேட்டார்.

"ஹவில்தார் தேவசகாயம்னு வெட்டுங்க" என்றேன். "நான் சொல்றேன். அன்னைக்கு அவருக்கு மேல இருந்த அதிகாரி நான். என் உத்தரவுன்னு வெச்சுக்குங்க."

கல் வெட்டுகிறவர் எஸ்தரைப் பார்த்தார்.

"உங்க வாய் உத்தரவ நம்பித்தான் சார் அவரு ஒருதபா எழுந்து வந்தாரு" என்றார் எஸ்தர். கோபமில்லாமல்தான் சொன்னார். "இந்தவாட்டி எழுத்துல வரட்டும்." பிறகு அந்த ஆளிடம் திரும்பினார். "பேருக்கு முன்னால எடம் வுட்டு வெட்டுபா. அப்பா அப்டிதான் சொல்லிட்டுப் போனாரு."

கல்லை வைத்து நாலு மாதம் ஆகிறது. கறுப்புக் கல். 'தேவசகாயம்' என்ற எழுத்துகள் வலப்பக்கம் தள்ளி நிற்கின்றன. தெரியாதவர்கள் பார்த்தால் கல் வெட்டியவன் அளவு தவறிவிட்டான் என்று நினைப்பார்கள். ஒருநாள் யாரும் இல்லாதபோது அந்த வெற்றிடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். என் உள்ளங்கை சரியாக அதில் அடங்கியது.

மாதம் ஒரு கடிதம் ஆவண அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். ஒவ்வொன்றின் முதல் வரியும் ஒன்றுதான்: பின் கரைக்கு வா என்று உத்தரவு கொடுத்தவன் நான். இந்த மாதக் கடிதத்தோடு, இந்தப் பக்கத்தையும் கிழித்து இணைக்கப் போகிறேன்.